துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அமெரிக்க நகர மன்றங்களில் தொடரும் விவாதம்

வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். துப்பாக்கி விற்கும் கடை, குடியிருப்புகளிலிருந்து குறிப்பிட்ட தொலைவு தள்ளி இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இத்தகைய நிபந்தனைகள், அமெரிக்காவில் நகர மன்றங்களையும் கவுண்டி நிர்வாகங்களையும் பல ஆண்டுகளாக நீதிமன்றப் படிகளில் ஏற்றி வருகின்றன.

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டின் அரசியல் சாசனம் காக்கிறது. ஆயினும் பெரும்பாலான வழக்குகளில் நகரங்களின் விதிகள் வீழ்ந்தது அந்த உரிமையால் அல்ல. இத்தகைய விதியை இயற்ற உள்ளாட்சி அமைப்புக்கு அதிகாரமே இல்லை என்ற காரணத்தால்தான். சில நகரங்கள் தோற்றன. சில நகரங்கள் வேறு வழி கண்டன. சில நகரங்களின் விதி பின்னர் மாநிலம் முழுமைக்குமான சட்டமாயிற்று. அந்த விவாதத்தின் பின்னணியையும் முக்கியத் தீர்ப்புகளையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

மத்திய சட்டம் விட்டுவைத்த இடைவெளி

அமெரிக்காவில் துப்பாக்கி வணிகத்துக்கான அடிப்படை விதிகளை 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வகுத்தது. வணிகர்கள் மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 1993-இல் நிறைவேறிய பிராடி சட்டத்தின்படி, உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குவோரின் குற்றப் பின்னணி சரிபார்க்கப்படுகிறது. இதற்கான தேசிய உடனடிச் சரிபார்ப்பு முறை 1998 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

வாங்கிய துப்பாக்கியை வீட்டில் எப்படி வைப்பது என்பது பற்றி மத்திய சட்டம் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற வணிகர், தனிநபருக்குக் கைத்துப்பாக்கி விற்கும்போது அதனுடன் ஒரு பூட்டையோ பாதுகாப்புச் சாதனத்தையோ சேர்த்து வழங்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் வாங்கியவர் அந்தப் பூட்டைப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் மத்திய சட்டத்தில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே மாநிலங்களும், அவற்றுக்கு முன்பாகப் பல இடங்களில் நகரங்களும் முயன்றன.

எண்ணிக்கைகள் காட்டும் நிலை

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பதிவுகளின்படி, 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 20,958 பேர் கொலை செய்யப்பட்டவர்கள். பொதுவெளித் துப்பாக்கிச்சூடுகளே செய்திகளில் பெரிதாக இடம்பெற்றாலும், உயிரிழப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகளாகவே உள்ளன. 2020-ஆம் ஆண்டு முதல், சிறுவர்கள் மற்றும் பதின்வயதினரின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணமாகத் துப்பாக்கி இருந்து வருகிறது.

2015-இல் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வொன்று, தோட்டா நிரப்பிய, பூட்டப்படாத துப்பாக்கி உள்ள வீடுகளில் சுமார் 46 லட்சம் சிறார்கள் வாழ்வதாக மதிப்பிட்டது. பள்ளித் தாக்குதல்கள் குறித்து அமெரிக்க ரகசியக் காவல் பிரிவு 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் வீட்டுத் துப்பாக்கியையே சுட்டியது. துப்பாக்கியால் தாக்கிய மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் வீட்டிலிருந்து அதை எடுத்திருந்தனர்.

மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வு இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியது. சுட்ட மாணவரின் தாயும் தந்தையும் 2024-இல் தனித்தனி விசாரணைகளில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, குறைந்தது 10 ஆண்டுகள் சிறைத் தண்டனை பெற்றனர். மகன் நடத்திய பள்ளித் தாக்குதலில் நேர்ந்த மரணங்களுக்காகப் பெற்றோர் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. சிறார் கைக்கு எட்டாதவாறு துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் மிச்சிகன் மாநிலச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

மன்றங்களில் மோதும் வாதங்கள்

நகர மன்றம் ஒன்றில் இத்தகைய விதி முன்வைக்கப்படும்போது இரு தரப்பினரின் வாதங்களும் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன.

பூட்டு வேண்டும் என்போர் மூன்று காரணங்களை அடுக்குகின்றனர்: விளையாட்டாகத் துப்பாக்கியை எடுக்கும் குழந்தை, மனம் உடைந்த ஒரு கணத்தில் அதை நாடும் இளைஞர், பூட்டில்லாத வீட்டிலிருந்தும் காரிலிருந்தும் திருடப்பட்டு கள்ளச் சந்தைக்குப் போகும் ஆயுதம். பூட்டைத் திறக்கும் சில நொடிகளும் நிமிடங்களும் மனமாற்றத்துக்கான அவகாசம் என்பது அவர்களின் மையக் கருத்து.

எதிர்ப்போரோ, அதே நொடிகளைத்தான் தங்கள் காரணமாகக் காட்டுகின்றனர். இரவில் கதவை உடைத்து ஒருவன் உள்ளே நுழைந்தால், பெட்டியின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்கின்றனர். வீட்டுக்குள் துப்பாக்கி எப்படி இருக்கிறது என்று காவல்துறை சோதித்துப் பார்க்க இயலாது. எனவே விபத்து நடந்த பின்னரே சட்டம் வேலை செய்யும், அதுவும் பெரும்பாலும் குழந்தையை இழந்த குடும்பத்தின் மீதே பாயும் என்பது அவர்களின் மற்றொரு வாதம். ஊருக்கு ஊர் விதி மாறினால், ஒரே சாலையில் பயணிக்கும் ஒருவர் அறியாமலேயே குற்றவாளி ஆகிவிடுவார் என்றும் கூறுகின்றனர்.

இந்தக் கடைசி வாதத்தின் மீதுதான் மாநில அரசுகளின் தடைச் சட்டங்கள் எழுந்தன. துப்பாக்கி தொடர்பான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு மட்டுமே உரியது, நகரங்களும் கவுண்டிகளும் அதில் தலையிடக் கூடாது என்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் சட்டம் இயற்றியுள்ளன.

உச்ச நீதிமன்றம் வரைந்த எல்லை

தலைநகர் வாஷிங்டன் தொடர்பான ஹெல்லர் வழக்கில் 2008 ஜூன் 26 அன்று வெளியான தீர்ப்பு, தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அறிவித்தது. துப்பாக்கியைப் பிரித்தோ, விசையைப் பூட்டியோதான் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்ற தலைநகரின் விதியும் அதில் ரத்தானது. தற்காப்புக்குக்கூட அதைப் பயன்படுத்த இயலாமல் செய்வதே அந்த விதியின் குறை என நீதிமன்றம் கண்டது. எனினும், விபத்துகளைத் தவிர்ப்பதற்கான சேமிப்பு விதிகளையும், வணிக விற்பனைக்கான நிபந்தனைகளையும் இத்தீர்ப்பு செல்லாதவை ஆக்கவில்லை என்று அதே தீர்ப்பு குறிப்பிட்டது.

2010-இல் சிகாகோ நகரம் தொடர்பான மெக்டொனால்டு வழக்கில், இந்த உரிமை மாநில, உள்ளாட்சி அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பாயிற்று. அதன்பின் ஒவ்வொரு நகர மன்றமும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியதாயிற்று: விதி அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதா? அதை இயற்ற மாநிலம் அனுமதிக்கிறதா?

சான் பிரான்சிஸ்கோவில் நிலைத்த விதி

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2007-இல் கைத்துப்பாக்கிகளுக்கான சேமிப்பு விதியை இயற்றியது. வீட்டில் உள்ள கைத்துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். அல்லது விசைப் பூட்டு போடப்பட்டிருக்க வேண்டும். வயது வந்த ஒருவர் அதைத் தம் உடலில் வைத்திருக்கும் நேரத்துக்கு இது பொருந்தாது.

இந்த விலக்கே விதியைக் காப்பாற்றியது. உடலில் வைத்திருக்கும்போது பூட்டத் தேவையில்லை என்பதாலும், பூட்டிய பெட்டியையும் அவசரத்தில் விரைவாகத் திறக்க முடியும் என்பதாலும், தற்காப்பு உரிமை பறிபோகவில்லை என்று 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. நீதிபதிகள் கிளாரன்ஸ் தாமஸ், அன்டோனின் ஸ்காலியா ஆகியோர் மட்டும் அந்த மறுப்புக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

எட்மண்ட்ஸில் வீழ்ந்த விதி

வாஷிங்டன் மாநிலத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 2018 ஜூலையில் சியாட்டில் நகர மன்றமும், அதன் வடக்கே உள்ள சிறு நகரமான எட்மண்ட்ஸும் அடுத்தடுத்துச் சேமிப்பு விதிகளை நிறைவேற்றின. பூட்டப்படாத துப்பாக்கி பிறர் கையில் சிக்கிக் காயமோ மரணமோ நேர்ந்தால் 10,000 டாலர் வரை அபராதம் விதிக்க இவை வகைசெய்தன.

துப்பாக்கி உரிமை அமைப்புகளின் ஆதரவுடன் குடியிருப்பாளர்கள் எட்மண்ட்ஸ் விதியை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். 2022 ஏப்ரல் 21 அன்று மாநில உச்ச நீதிமன்றம், துப்பாக்கி ஒழுங்குமுறை என்ற துறை முழுவதையும் மாநிலச் சட்டம் தன்வசம் வைத்துள்ளது எனக் கூறி, நகரத்தின் விதியை ரத்து செய்தது. விதி நல்லதா கெட்டதா என்ற கேள்வியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஆனால் அதற்குள் மாநிலத்தின் நிலையே மாறியிருந்தது. நகரங்களில் விதிகள் நிறைவேறிய அதே ஆண்டு நவம்பரில், மாநில வாக்காளர்கள் 1639-ஆம் எண் முன்மொழிவை ஏறத்தாழ 59 சதவீத வாக்குகளுடன் ஏற்றனர். துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்ற ஒருவர் பூட்டப்படாத துப்பாக்கியை எடுத்துப் பயன்படுத்தினால், உரிமையாளர் மீது குற்றவழக்குத் தொடர அது இடமளிக்கிறது. எட்மண்ட்ஸ் மன்றம் தன் விதியை இழந்த நாளில், அதை ஒத்த மாநிலச் சட்டம் அந்நகருக்கும் சேர்த்தே நடைமுறையில் இருந்தது.

உறுப்பினர்கள் மீதே அபராதம்: புளோரிடா

புளோரிடா மாநிலம் 1987 முதல் உள்ளாட்சிகளின் துப்பாக்கி விதிகளைத் தடுத்து வருகிறது. 2011-இல் அது மேலும் ஒரு படி சென்றது. தடையை அறிந்தே மீறும் மன்ற உறுப்பினருக்கு, அவரது சொந்தப் பணத்திலிருந்து 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். ஆளுநர் அவரைப் பதவியிலிருந்தும் நீக்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பு 1,00,000 டாலர் வரை இழப்பீடு தர வேண்டியிருக்கும்.

2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, 30-க்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் இந்தத் தண்டனைப் பிரிவுகளை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. மன்றத்தில் வாக்களித்ததற்காக ஒருவரைத் தண்டிப்பது மக்களாட்சிக்கு முரண் என அவை வாதிட்டன. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைப் பிரிவுகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அங்கு ஒரு விதியை முன்மொழிவதற்கு முன் உறுப்பினர் தம் பதவியையும் பணப்பையையும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை உள்ளது.

தடையை நீக்கிய கொலராடோ

கொலராடோ எதிர்த்திசையில் நடந்தது. போல்டர் நகரம் 2018-இல் இயற்றிய தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை, மாநிலச் சட்டத்துக்கு முரண் எனக் கூறி 2021 மார்ச் 12 அன்று நீதிமன்றம் நிறுத்தியது. பத்து நாள்கள் கழித்து அதே நகரின் பல்பொருள் அங்காடியில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி வேறொரு நகரில் துப்பாக்கி வாங்கியவர் என்பதால், போல்டரின் தடை இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

அதே ஆண்டு ஜூனில் மாநில அரசு தன் தடைச் சட்டத்தை விலக்கிக்கொண்டு, மாநில விதிகளைவிடக் கடுமையான விதிகளை உள்ளாட்சிகள் இயற்றலாம் என அனுமதித்தது. துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்கும் மாநிலச் சட்டமும் அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. 2022-இல் போல்டரும் அண்டை நகரங்களும் விற்பனைக்கு 10 நாள் காத்திருப்பு, கடைகளில் எச்சரிக்கைப் பலகை உள்ளிட்ட விதிகளை நிறைவேற்றின.

விற்பனையை ஒழுங்குபடுத்தும் வேறு வழிகள்

சேமிப்பு விதி வீட்டுக்குள் நுழைவதால் எதிர்ப்பு அதிகம். கடையோ பொது இடத்தில் நடக்கும் வணிகம். நில வகைப்பாடு, வரி, வணிக உரிமம் ஆகியவை உள்ளாட்சியின் வழக்கமான அதிகாரங்கள். எனவே பல மன்றங்கள் இந்தப் பாதைகளைத் தேர்ந்தன.

கலிபோர்னியாவின் அலமேடா கவுண்டி, குடியிருப்பு, பள்ளி, மதுக்கடை, வேறு துப்பாக்கிக் கடை ஆகியவற்றிலிருந்து 500 அடிக்குள் துப்பாக்கிக் கடை அமையக் கூடாது என விதித்தது. இந்த விதியால் கடை திறக்க முடியாத வணிகர்கள் வழக்குத் தொடர்ந்தனர். கவுண்டியில் ஏற்கெனவே 10 கடைகள் இருந்தன. கேட்கப்பட்ட இடத்திலிருந்து சுமார் 600 அடியில் ஒரு கடை இருந்தது. வாங்குவோரின் உரிமை பாதிக்கப்படாதபோது, விரும்பிய இடத்தில் விற்கும் தனி உரிமை எவருக்கும் இல்லை என்று 9-ஆவது வட்டார நீதிமன்றத்தின் முழு அமர்வு 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

சியாட்டில் 2015-இல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 டாலர் வரியும், தோட்டா ஒன்றுக்கு 2 அல்லது 5 சென்ட் வரியும் விதித்தது. இது ஒழுங்குமுறை அல்ல, வரியே எனக் கூறி மாநில உச்ச நீதிமன்றம் 2017-இல் அதை அனுமதித்தது. ஆண்டுக்கு 3 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் வரை கிடைக்கும் என நகரம் மதிப்பிட்டிருந்தது. முதல் ஆண்டில் வந்தது 2 லட்சத்துக்கும் குறைவு. வரியைக் காரணம் காட்டி ஒரு வணிகர் நகர எல்லைக்கு வெளியே கடையை மாற்றிக்கொண்டார்.

சான் பிரான்சிஸ்கோவில் எதிர்ப்பாளர்கள் அஞ்சியதே நடந்தது. துப்பாக்கி விற்பனையைக் காணொளியில் பதிவு செய்ய வேண்டும், தோட்டா விற்பனை விவரத்தைக் காவல்துறைக்கு வாரந்தோறும் அளிக்க வேண்டும் என்ற விதி 2015-இல் வந்தபோது, நகரில் எஞ்சியிருந்த ஒரே துப்பாக்கிக் கடை மூடப்பட்டது. ஒழுங்குமுறை என்ற பெயரில் நடப்பது மறைமுகத் தடை என்ற வாதத்துக்கு இது இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

மேரிலாந்தின் ஆன் அருண்டல் கவுண்டி 2022-இல் மென்மையான வழியைத் தேர்ந்தது. துப்பாக்கியோ தோட்டாவோ விற்கும் கடைகள், தற்கொலைத் தடுப்பு, பாதுகாப்பான சேமிப்பு, சச்சரவுத் தீர்வு பற்றிய துண்டறிக்கைகளை வாங்குவோரிடம் தர வேண்டும். தற்கொலைத் தடுப்புத் துண்டறிக்கையைத் தயாரித்ததில் துப்பாக்கித் தொழில்துறையின் சங்கமும் ஒரு பங்காளி. தாங்கள் ஏற்காத கருத்தைப் பரப்பும்படி கட்டாயப்படுத்துவது பேச்சுரிமைக்கு எதிரானது எனக் கடைக்காரர்கள் வாதிட்டனர். அவை உண்மைத் தகவல்களே என்று கூறி 4-ஆவது வட்டார நீதிமன்றம் 2024 ஜனவரியில் விதியை ஏற்றது; உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

2022-க்குப் பின் புதிய அளவுகோல்

நியூயார்க் மாநிலம் தொடர்பான புருயென் வழக்கில் 2022 ஜூன் 23 அன்று வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கணக்கை மாற்றியது. ஒரு விதி மக்கள் பாதுகாப்புக்கு உதவுகிறதா என்று பார்ப்பது போதாது. நாட்டின் துப்பாக்கி ஒழுங்குமுறை வரலாற்றில் அதற்கு இணையான மரபு உண்டா என்று அரசு காட்ட வேண்டும் என அத்தீர்ப்பு கூறியது. 2024 ஜூனில் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணை பெற்றவர்களிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் ஏற்ற நீதிமன்றம், பழைய சட்டம் அச்சு அசலாக ஒத்திருக்கத் தேவையில்லை, அடிப்படைக் கொள்கை பொருந்தினால் போதும் என விளக்கியது. பழைய அளவுகோலில் தேறிய சான் பிரான்சிஸ்கோ, அலமேடா விதிகளைப் போன்றவை இனி இந்த அளவுகோலிலும் தேற வேண்டியிருக்கும்.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியாவில் இத்தகைய விவாதம் மாநகராட்சி மன்றத்துக்கு வரவே வாய்ப்பில்லை. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், ஆயுதங்களும் வெடிபொருள்களும் மத்திய அரசின் பட்டியலில் 5-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளன. துப்பாக்கி வைத்திருப்பது இங்கு அடிப்படை உரிமையும் அல்ல. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையர் போன்ற உரிமம் வழங்கும் அதிகாரியின் அனுமதி பெற்றே துப்பாக்கி வைத்திருக்க முடியும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டித்தது. தேர்தல் காலங்களில் உரிமதாரர்களின் துப்பாக்கிகள் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்படுவதும் வழக்கமான நடைமுறை.

அமெரிக்காவில் வாங்கும் உரிமை முதலில் வருகிறது. அதற்கான வரம்புகளை ஒவ்வொரு அரசு மட்டமும் பின்னர் வகுக்கிறது. இந்தியாவில் அனுமதி முதலில் வருகிறது. இரு நாடுகளின் நகர மன்றங்களில் ஒன்றில் மணிக்கணக்கில் விவாதமும், மற்றொன்றில் மௌனமும் நிலவுவதற்கு இதுவே காரணம்.

நகரத்திலிருந்து மாநிலத்துக்கு

கலிபோர்னியாவின் அனுபவம் இந்த விவாதம் செல்லும் திசையைக் காட்டுகிறது. பணிமனை ஒன்றில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்ட சில வாரங்களில், 2021 ஜூனில், சான் ஹோசே நகர மன்றம் துப்பாக்கிக் கடைகளில் விற்பனையைக் காணொளியாகவும் ஒலியாகவும் பதிவு செய்ய உத்தரவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் அத்தகைய பதிவு மாநிலம் முழுவதும் கட்டாயமாயிற்று. சான் பிரான்சிஸ்கோ 2007-இல் கொண்டுவந்த பூட்டு விதியின் சாரமும், 2024-இல் கையெழுத்தான மாநிலச் சட்டத்தின் வழியாக, 2026 ஜனவரி 1 முதல் அம்மாநில வீடுகள் அனைத்துக்கும் பொருந்துகிறது. ஒரு நகரத்தின் விதி மாநிலச் சட்டமாக 18 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மாநில எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. கடையில் கைத்துப்பாக்கியுடன் தரப்படும் பூட்டு நாடெங்கும் ஒன்றுதான். அதை மாட்டியாக வேண்டுமா என்பதற்கான விடை, அந்த வீடு எந்த மாநிலத்தில், சில இடங்களில் எந்த நகரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.